நோயுற்றோர் பணிவிடையும் திருத்தொண்டே



சூலைநோயால் துடித்த மருள்நீக்கியார், திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரை நாடி வந்தார். அம்மையார் திருநீறு அளித்துத் தம்பியைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது. நோயுற்றவருக்கு உடனிருப்பவரே முதல் துணை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பக்கவாதத்தால் படுக்கையுற்றவர் பலர் தாமாகப் புரண்டு படுக்க இயலாதவர். ஒரே பக்கமாகக் கிடந்தால் உடலின் எடை அழுத்தி, இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் கெடும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் படுக்கைப்புண் தோன்றும். ஆதலின், பொதுவாக 2 மணி நேரத்திற்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். தோல் சிவந்து, விரலால் அழுத்தியும் அந்நிறம் மறையாதிருப்பின் அதுவே முதல் எச்சரிக்கை. கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் புலப்படாது. வெப்பமும் தடிப்பும் கொண்டே அறிதல் வேண்டும். அவ்விடத்தைத் தேய்த்தல் கூடாது. தாதியரிடமோ மருத்துவரிடமோ உடனே காட்டுதல் வேண்டும்.

2 மணிக்கு ஒருமுறை எனில் நாளொன்றுக்கு 12 முறை; இரவும் இதனுள் அடக்கம். பல இல்லங்களில் மனைவியோ மகளோ தனியே இதனைச் செய்கின்றார். திருவிழா நாளிலும் அவரால் கோயிலுக்கு வர இயலுவதில்லை. அவரைக் காணோமே என்று குறைகூறுதல் தகாது. அடியார் இருவர் அவ்வில்லம் சென்று, முறையைக் கற்றுக்கொண்டு, 2 மணி நேரம் நோயாளியின் அருகில் இருப்பாராயின், அவர் ஒரு பூசையையேனும் கண்குளிரக் கண்டு திரும்புவார். அவருக்கு அது தரிசனம். அடியாருக்கோ அதுவே திருத்தொண்டு.

திருவருள் துணைநிற்க!