குச்சி மனிதர்களின் நகைச்சுவை

தமிழகத்தை விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய குடும்பங்களுக்குத் தமிழ் வாரப் பத்திரிகை ஒரு காலத்தில் ஊரிலிருந்து வரும் உறவினரைப் போன்றது. ரயிலேறித் தாமதமாகத்தான் வந்து சேரும். வந்தவுடன், கதையையும் கட்டுரையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, முதலில் கோபுலுவின் சித்திரத்தைத் தேடிய கைகள் எத்தனையோ!

அன்பர்களே, இன்று சித்திரங்கள் அச்சுக்கும் ரயிலுக்கும் காத்திருப்பதில்லை. ஒருவர் தம் வீட்டு மேசையில் வரைந்து முடித்த சில நிமிடங்களில் அது கணினியிலும் கைப்பேசியிலும் உலகெங்கும் தெரிகிறது. இவற்றை இணையச் சித்திரத் துணுக்குகள் எனலாம். வரைபவருக்கும் வாசகருக்கும் இடையே பத்திரிகாசிரியர் என்று ஒருவர் இல்லாமையால், இவற்றுள் குப்பைக்கும் குறைவில்லை. "இதையெல்லாம் படித்து என்ன பயன்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் படிக்கத் தக்கவையும் உள. அவற்றுள் நான் நன்கு பழகிய ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

அதன் பெயர் எக்ஸ்கேசிடி. நான்கு ஆங்கில எழுத்துகள். பொருள் ஏதும் இல்லை. அமெரிக்கரான ராண்டல் மன்ரோ 2005-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். பௌதிகம் பயின்றவர், நாசா என்னும் விண்வெளி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் சிறிது காலம் பணி செய்தவர். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்திற்கு மூன்று படங்கள். ஒரு வட்டம் தலை. ஒரு கோடு உடல். கைகால்களுக்கு நான்கு கோடுகள். கண் இல்லை, வாய் இல்லை. கணக்கு வகுப்பில் பிள்ளைகள் நோட்டின் ஓரத்தில் கிறுக்குவது போல் இருக்கும். மெய்யாகவே, தொடக்கத்தில் வெளிவந்த படங்கள் அவருடைய பழைய நோட்டுப் புத்தகங்களிலிருந்து எடுத்தவைதாம்.

முகமே இல்லாத அந்த உருவத்திற்கு வாசகர் தம் முகத்தையே வைத்துக்கொள்கிறார். 2008-இல் வந்த ஒரு படத்தைப் பாருங்கள். ஒருவர் கணினி முன் அமர்ந்திருக்கிறார். உறங்க வரவில்லையா என்று உள்ளிருந்து குரல் கேட்கிறது. வர இயலாது, மிக முக்கியமான வேலை என்கிறார். என்ன வேலை? இணையத்தில் யாரோ ஒருவர் எதையோ தவறாகச் சொல்லிவிட்டாராம்! படம் இவ்வளவே. முன்பின் அறியாத ஒருவரோடு நள்ளிரவுவரை வாதம் புரிந்த எவரும் இதைக் கண்டு பிறரை எண்ணிச் சிரிக்க முடியாது.

நகை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் எள்ளல், இளமை, பேதைமை, மடமை என நான்காக வகுத்தார். அவற்றுள் பின்னிரண்டும் அறிவுக் குறையைச் சார்ந்தவை. பிறருடைய அறியாமையைக் கண்டு சிரிப்பது அத்தனை பழைய வழக்கம். அச்சிரிப்புக்கு இலக்கானவர் நிலையை வெளிமாநிலத் தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வந்த புதிதில், ஹிந்தியில் ஆண்பாலைப் பெண்பாலாக்கிப் பேசிக் கடைக்காரரின் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் நம்மில் மிகச் சிலரே. அவர் சிரிப்பில் வஞ்சனை இராது. ஆனாலும் அடுத்த ஆறு மாதம் நாம் வாய் திறவாமல், விரலால் சுட்டிக் காட்டியே கத்தரிக்காய் வாங்குவோம்.

இவ்விடத்தில்தான் மன்ரோவின் 2012-ஆம் ஆண்டுப் படம் ஒன்றை நான் பெரிதாக மதிக்கிறேன். அமெரிக்கச் சிறுவர்கள் எல்லாம் அறிந்த வேடிக்கை ஒன்று உண்டு: சோடா புட்டிக்குள் ஒருவகைப் புதினா மிட்டாயைப் போட்டால், பானம் நீரூற்றுப் போல் பீறிட்டு எழும். அது இன்னதென்றே தெரியாது என்கிறாள் ஒருத்தி. மற்றவர் நகைக்கவில்லை, நல்ல வாய்ப்புக் கிடைத்தது என்று மகிழ்ந்து, உடனே கடைக்குப் புறப்படுகிறார். அதற்கு ஒரு கணக்கும் காட்டுகிறார் மன்ரோ. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 40 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. முப்பது வயதுக்குள் எல்லோரும் அறிந்துவிடும் செய்தி எதுவாயினும், அதை நாள்தோறும் சுமார் 10,000 பேர் அங்கே முதன்முதலாகக் கேள்விப்பட்டாக வேண்டும். ஆகவே தெரியாதவர் கேலிக்குரியவர் அல்லர். அன்றைய பத்தாயிரவரில் ஒருவர். சாதாரண வகுத்தல் கணக்கைக் கொண்டு எள்ளலை விருந்தோம்பலாக மாற்றிவிட்டார். கடைக்காரர் சிரித்து முடித்தபின் சரியான சொல்லை நமக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

வரைதிறன் வேண்டுவதே இல்லையா எனில், கனடா நாட்டவரான ரயன் நார்த் இன்னும் ஒருபடி மேலே போய்விட்டார். 2003 முதல் அவர் வெளியிடும் டைனோசர் துணுக்குகளில் ஒவ்வொரு முறையும் அதே ஆறு கட்டங்கள், அதே படங்கள். உரையாடல் மட்டுமே புதிது. நம் நாட்டில் ஆர்த்தி பார்த்தசாரதி 2014-இல் தொடங்கிய தொடரில், பழைய இந்திய ஓவியங்களில் உள்ள அரசரும் அரசியரும் நம் காலத்து மனக்குறைகளைப் பேசுகிறார்கள். மணிமுடி தரித்தவர் வாயில் அப்பேச்சு வரும்போது தனிச் சுவை பிறக்கிறது.

அச்சில் செய்ய இயலாத ஒன்றையும் மன்ரோ செய்து காட்டினார். 2013 மார்ச் மாதத்தில் 'காலம்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரே ஒரு படம் வெளியிட்டார்: கடற்கரையில் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். முதலில் அரைமணிக்கு ஒருமுறை, பின்னர் மணிக்கு ஒருமுறை அப்படம் மாறிக்கொண்டே வந்தது. இருவரும் மணற்கோட்டை கட்டினர். கடல் மட்டம் ஏறுவதைக் கண்டனர். காரணம் தேடி நெடுந்தூரம் நடந்தனர். ஜூலை இறுதிவரை, ஏறத்தாழ நான்கு மாதங்களில், 3,000-க்கு மேற்பட்ட படங்கள்! உறக்கத்திடையே விழித்து அடுத்த படம் வந்ததா என்று பார்த்தவர்கள் உண்டு. விஞ்ஞானப் புனைகதைகளுக்கான ஹியூகோ விருது 2014-இல் இதற்குக் கிடைத்தது.

இவருடைய துணுக்குகள் எல்லாமே எல்லோருக்கும் விளங்கும் என்று சொல்ல மாட்டேன். கணித்துறையினருக்கு மட்டுமே சிரிப்பு வரக்கூடியவை பல. அவற்றைத் தயங்காமல் கடந்து செல்லலாம். ஒரே மூச்சில் ஐம்பது படிப்பதும் தகாது. ஊறுகாயைச் சோறாக உண்பது போலாகும். நாளுக்கு இரண்டு மூன்று போதும். இன்னொன்று: கணினியில் பார்ப்பவர்கள் சுட்டியைப் படத்தின் மேல் சற்றே நிறுத்திவைத்தால், மறைந்திருக்கும் சிறு வாசகம் ஒன்று தோன்றும். படத்தைவிட அதுவே சில நாட்களில் நன்றாக இருக்கும்.