செய்தியாளர் ஐடா வெல்ஸ்



1862-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர் ஐடா பி. வெல்ஸ். பதினாறு வயதில் பெற்றோரை இழந்து, ஆசிரியையாகித் தம்பி தங்கையரைக் காத்தார். பின்னர் மெம்பிஸ் நகரில் பத்திரிகை நடத்தினார்.

அங்கே 1892-இல் அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் வேறிருவரும் சிறையினின்று இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். வெள்ளையர் கடைக்குப் போட்டியாக மளிகைக் கடை நடத்தியதே பகைக்கு வித்து. கறுப்பர் கொல்லப்படுவது பெண்களைக் கெடுத்ததற்காகவே என்று ஊர் சொல்லி வந்ததை அன்றுமுதல் ஐயுற்றார். கொலைகளை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதினார். அச்சகத்தை நொறுக்கினர்.

மாணவர்கள் கூர்ந்து நோக்குக: 1895-இல் வெளியிட்ட நூலில் அவர் அடுக்கிய கணக்கு, வெள்ளையர் நாளேடாகிய சிகாகோ ட்ரிப்யூன் திரட்டியது. அப்பழி சுமத்தப்பட்டவர்களே மூவரில் ஒருவர்தாம் என்பதை அதைக்கொண்டே காட்டியிருந்தார். மறுக்க வாய் ஏது?

1931-இல் மறைந்தார். புலிட்சர் பாராட்டு 2020-இல்தான் வந்தது.