அவன் சார்பில் ஒரு கையெழுத்து

(திருத்தணியில் நடந்த முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் பேசணும்ப்பா. தலைப்பு 'கல்வியும் தொண்டும்'" என்றார். "உலகத்தில் இருக்கிற அத்தனையும் இந்த ரெண்டு வார்த்தைக்குள்ளே அடங்கிடுமே அண்ணே, எதைப் பேசட்டும்?" என்றேன். "உனக்குத் தெரிஞ்சதைப் பேசு" என்று வைத்துவிட்டார். நான் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பொறியாளன். எனக்குத் தெரிந்தது பட்டறை. அதனால் பட்டறையோடு சேர்ந்து வளர்ந்த ஒரு துறவற சபையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். 'டான் போஸ்கோ' என்ற பெயரைப் பள்ளிக்கூடப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த சலேசிய சபை.

"முருகன் மலையடிவாரத்திலே நின்னுக்கிட்டுப் பாதிரிமார் சபையைப் பற்றிப் பேசுறானே" என்று யாராவது நினைக்கலாம். நானும் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிற குடும்பத்துப் பிள்ளைதான். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற ஊர் இது. நல்லது எங்கே இருந்தாலும் எடுத்துக்கொள்வது நமக்குப் பழக்கம்தான். இந்த மண்ணில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்கள் வேலூர் ஊரீஸ் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர்தானே! அவர் பிறந்தது 1888 செப்டம்பரில். நான் சொல்லப்போகிற மனிதர் அதே 1888-இல், ஜனவரி 31 அன்று இத்தாலியில் காலமானார்.

அவர் பெயர் ஜான் போஸ்கோ. 'டான்' என்பது அந்த நாட்டில் குருமார்களை மரியாதையாக அழைக்கிற சொல், நாம் 'ஐயா' என்பதுபோல. 1815-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று வட இத்தாலியில் பெக்கி என்ற குக்கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயதுகூட நிரம்பாத நிலையில் தகப்பனார் இறந்துபோனார். தாயார் மார்கரீத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். பையன் படிப்புக்காகத் தையல், செருப்புத் தைத்தல், தச்சு, கொல்லு வேலை, மிட்டாய்க் கடை வேலை என்று கையில் கிடைத்ததையெல்லாம் செய்தான். 1841 ஜூனில் குருப்பட்டம் பெற்றுத் துரின் நகரத்துக்கு வந்தார்.

அன்றைய துரின் எப்படி இருந்தது என்பதை நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்ததும் சுற்று வட்டாரத்துப் பையன்கள் வேனில் ஏறிப் போகிறார்கள் இல்லையா, அதுபோல மலைக் கிராமங்களிலிருந்து பையன்கள் துரினுக்கு இறங்கி வந்தார்கள். கொத்து வேலை, புகைபோக்கி சுத்தம் செய்யும் வேலை, கல் உடைக்கும் வேலை. எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளும் உண்டு. வேலை இல்லாத நாளில் தெருவில் நிற்பார்கள். சிலர் திருடுவார்கள், சிறைக்குப் போவார்கள். இளம் குருவான டான் போஸ்கோ சிறைக்குப் போய்ப் பார்த்தார். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுப் பையன்கள் உள்ளே கிடந்தார்கள். வெளியே போனவர்களில் பலர் திரும்பவும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். வெளியே அவர்களுக்கென்று ஒருவர் இருந்திருந்தால் இந்தப் பிள்ளைகள் இங்கே வந்திருப்பார்களா என்று அவர் யோசித்தார். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் இந்தச் சபை முழுவதும் பிறந்தது என்று நான் நினைக்கிறேன்.

1841 டிசம்பர் 8. கோயிலில் பூசைக்கு உதவத் தெரியாது என்று சொன்ன ஒரு பையனைக் கோயில் பணியாள் அடித்து விரட்டுகிறார். டான் போஸ்கோ அவனைத் திரும்பக் கூப்பிடச் சொல்கிறார். பெயர் பார்த்தலோமேயு கரெல்லி, பதினாறு வயது, கொத்து வேலை, அப்பா அம்மா இல்லை. எழுதத் தெரியுமா, படிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்கக் கேட்க எல்லாவற்றுக்கும் 'தெரியாது'. கடைசியாக, விசில் அடிக்கத் தெரியுமா என்று கேட்டாராம். பையன் சிரித்துவிட்டான். தெரியாததைக் கேட்டுக்கொண்டே போனால் பையன் கூனிக் குறுகிப் போவான். தெரிந்ததைக் கேட்டால் நிமிர்ந்து நிற்பான். ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பையன்கள் கூடினார்கள். இடம்தான் கிடைக்கவில்லை. சத்தம் போடுகிறார்கள் என்று போகிற இடத்திலெல்லாம் விரட்டினார்கள். இந்தக் குருவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சக குருமார்களே பேசிக்கொண்டார்கள். இரண்டு பேர் வண்டி கொண்டுவந்து, காற்று வாங்கப் போகலாம் என்று கூப்பிட்டார்களாம். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான்! "முதலில் நீங்கள் ஏறுங்கள்" என்று மரியாதையாக அவர்களை ஏற்றிவிட்டு, கதவைச் சாத்தி, "சீக்கிரம் ஓட்டு" என்று வண்டிக்காரனை அனுப்பிவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

1846 ஏப்ரலில் வால்டொக்கோ என்ற பகுதியில் ஒரு கொட்டகை கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் தாயார் மார்கரீத்தாவும் கிராமத்தை விட்டு வந்து அங்கே சமைக்கவும் துணி தைக்கவும் உட்கார்ந்துவிட்டார். போக்கிடம் இல்லாத சில பையன்களை முதன்முதலாக இரவு தங்க வைத்தபோது, காலையில் பார்த்தால் பையன்களையும் காணோம், போர்வைகளையும் காணோம்! நாமாக இருந்தால் அன்றோடு கதவைச் சாத்தியிருப்போம். 1847 மே மாதம் மழையில் நனைந்துகொண்டு இன்னொரு அநாதைப் பையன் வந்து நின்றான். அம்மா அவனை அடுப்படியில் உட்கார வைத்துச் சோறு போட்டார். படுக்கப் போகும்முன் நாலு நல்ல வார்த்தை சொன்னார். இன்றைக்கும் சலேசிய இல்லங்களில் இரவு படுக்கைக்கு முன் மூன்று, நான்கு நிமிஷம் ஒரு பெரியவர் பேசுகிற வழக்கம் இருக்கிறது. அது அந்த அம்மாவிடமிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள்.

சோறும் இடமும் கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. டான் போஸ்கோ அதற்கு அடுத்து செய்ததுதான் என்னைப் போன்ற பட்டறைக்காரனுக்கு முக்கியம். தம் பையன்கள் வேலை பார்க்கிற இடங்களுக்கு அவர் நேரில் போனார். அங்கே தொழில் பழக வந்த பையனுக்கு அடி கிடைத்தது. வீடு பெருக்குவது, எடுபிடி வேலை செய்வது எல்லாம் அவன் தலையில். தொழில் மட்டும் சொல்லித் தரவில்லை. இதைப் பார்த்து அவர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கவில்லை, முத்திரைத்தாள் வாங்கினார்.

1852 பிப்ரவரியில் எழுதிய அப்படி ஓர் ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. ஒரு தச்சு மேஸ்திரிக்கும் அவரிடம் தொழில் பழக வந்த பையனுக்கும் இடையிலானது. என்ன எழுதியிருக்கிறது? இரண்டு ஆண்டுகளில் மேஸ்திரி பையனுக்குத் தச்சுத் தொழிலைச் சொல்லித் தர வேண்டும். தவறு செய்தால் வாயால்தான் திருத்த வேண்டும், கை நீட்டக் கூடாது. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது. திருநாட்களில் விடுமுறை. கூலி படிப்படியாக ஏற வேண்டும். மறுபக்கம் பையனும் ஒழுங்காக, கவனமாக வேலை பார்ப்பதாக ஒப்புக்கொள்கிறான். அவன் நடத்தையைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை டான் போஸ்கோ ஏற்கிறார். கீழே மேஸ்திரி, பையன், பையனின் தகப்பனார், டான் போஸ்கோ என நான்கு பேர் கையெழுத்து.

நம் நாட்டில் தொழில் பழகுநர் சட்டம் வந்தது 1961-இல். எழுத்தில் ஒப்பந்தம், உதவித்தொகை, பயிற்சி தர வேண்டிய கடமை எல்லாம் அதில் இருக்கின்றன. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னால், கையில் காசில்லாத ஒரு குரு தனி ஆளாக இதைச் செய்திருக்கிறார்.

1853-இல் சொந்தப் பட்டறைகளையே தொடங்கினார். முதலில் செருப்பும் தையலும், பிறகு புத்தகம் பைண்டிங், தச்சு, அச்சகம், கொல்லுப் பட்டறை. இத்தனையையும் ஒருவர் கட்டிக்காக்க முடியாது. 1859 டிசம்பர் 18 அன்று ஓர் அறையில் கூடிச் சபையைத் தொடங்கினார்கள். கூடியவர்களில் பெரும்பாலோர் அவரிடமே வளர்ந்த இளைஞர்கள். சொல்லப்போனால் அதுவும் ஒரு முன்னாள் மாணவர் சங்கம்தான்! சாந்த குணத்துக்குப் பேர்போன புனித பிரான்சிஸ் சலேசியாரின் பெயரைச் சபைக்கு வைத்தார்கள். 1872-இல் மரிய மசரெல்லோ அம்மையாருடன் சேர்ந்து பெண்களுக்கான சபையும் தொடங்கியது. காட்பாடியில் 1954 முதல் நடக்கிற ஆக்சீலியம் பெண்கள் கல்லூரி அந்தச் சகோதரிகளுடையதுதான். அரக்கோணத்தில் ரயில் மாறி அங்கே போய்ப் படித்த பெண்கள் நம் பக்கத்திலும் இருப்பார்கள்.

இந்தச் சபையார் வாழ்க்கை எப்படி? ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுக்கிறார்கள். கல்லூரியில் பேராசிரியராக இருந்தாலும் சம்பளம் பொதுப் பணத்தில் சேரும். சேர்ந்து செபம், சேர்ந்து சாப்பாடு. அனுப்புகிற ஊருக்குப் போக வேண்டும். எல்லோரும் குருக்கள் அல்லர். 'சகோதரர்' என்று ஒரு வகையினர் உண்டு. லேத்திலும் அச்சு இயந்திரத்திலும் கைபட வேலை செய்தே துறவியாக வாழ்பவர்கள். ஃபோர்மேனும் துறவியாகலாம் என்று ஏற்றுக்கொண்ட சபை இது! அர்ஜென்டினாவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட அர்த்தேமீதே சாத்தி என்ற சகோதரருக்கு 2022 அக்டோபரில் புனிதர் பட்டமே கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு இவர்கள் வந்தது 1906 ஜனவரியில், தஞ்சாவூருக்கு. ஜார்ஜ் தொமாத்திஸ் என்ற குருவின் தலைமையில் ஒரு சிறு குழு. அநாதைப் பிள்ளைகள் இல்லத்தையும் பள்ளியையும் ஏற்று நடத்தினார்கள். இந்தியாவில் சலேசியர் பணி தொடங்கியதே அங்கேதான். 1951-இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி. சென்னை கீழ்ப்பாக்கத்தில் அச்சுத்தொழில் பயிற்சி நிலையம். 1960-களில் வியாசர்பாடிக் குடிசைகளுக்கு நடுவே ஒர்ஃபெயோ மந்தோவானி என்ற இத்தாலியக் குரு தொடங்கிய தொண்டு நிலையம். தெருவில் திரியும் பிள்ளைகளுக்கு 'அன்பு இல்லங்கள்'. இன்று உலகில் 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 14,000 சலேசியர் இருக்கிறார்கள்.

இவர்கள் கல்வி முறைக்கு மூன்று கால்கள்: அறிவு, சமயம், அன்பு. தப்பு நடந்த பிறகு தண்டிப்பதைவிட, நடக்காதபடி பிள்ளையோடு கூடவே இருப்பது. டான் போஸ்கோவுக்கு ஒன்பது வயதில் ஒரு கனவு வந்ததாம். சண்டை போடும் பையன்களை அடிக்கப் பாய்கிறார். அடியால் அல்ல, சாந்தத்தால்தான் இவர்களை வெல்ல வேண்டும் என்று ஒருவர் தடுக்கிறார். சூரனை வென்ற முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் இந்தத் தணிகை மலை. நமக்கு இந்தப் பாடம் அந்நியமா, என்ன?

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நான் வேலை நிமித்தமாகப் போன ஒரு தொழிலகத்தில், 'அப்ரண்டிஸ்' என்று பேட்ஜ் போட்ட பையன் பதினோரு மாதமாக அட்டைப்பெட்டிதான் ஒட்டிக்கொண்டிருந்தான். "என்ன தம்பி கத்துக்கிட்டே?" என்று கேட்டேன். "டேப் ஒட்டக் கத்துக்கிட்டேன் சார்" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னான். அவனை யாரும் அடிக்கவில்லை, சம்பளமும் வந்தது. ஆனால் அவன் வாழ்க்கையில் ஒரு வருஷம் போய்விட்டது, கையில் தொழில் இல்லை. பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்படி வேன் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சார்பில் கேள்வி கேட்க ஆள் இல்லை.

நாம் அந்த ஆளாக இருக்கலாம். அதற்குத் துறவு பூண வேண்டாம். மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று. சொந்தமாகப் பட்டறை, ஒர்க்ஷாப், அச்சகம், கம்ப்யூட்டர் நிறுவனம் வைத்திருக்கிற அண்ணன்மார்கள் ஆளுக்கு ஒரு பையனையோ பெண்ணையோ தொழில் பழகச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன சொல்லித் தருவீர்கள், எத்தனை மாதத்தில் என்பதை எழுதிக் கொடுங்கள். பதினெட்டு வயது நிறைந்தவர்களாகவே எடுப்போம். சட்டச் சிக்கலும் வராது, படிப்பும் கெடாது.

இரண்டு. அந்த ஒப்பந்தத்தில் மூன்றாவது கையெழுத்து நம் சங்கத்துடையதாக இருக்கட்டும். தமிழிலும் தெலுங்கிலும் ஒரே பக்கத்தில் ஒரு படிவம் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சங்கத்திலிருந்து ஒருவர் போய், "என்ன தம்பி கத்துக்கிட்டே?" என்று கேட்டுவிட்டு வர வேண்டும். அந்த வேலைக்கு முதல் ஆளாக என் பெயரைச் செயலாளர் அண்ணன் எழுதிக்கொள்ளட்டும்.

மூன்று. மாணவத் தம்பி தங்கைகளுக்கு. நாளைக்கு நீங்கள் சூப்பர்வைசராகவோ எஞ்சினியராகவோ போவீர்கள். உங்களுக்குக் கீழே வருகிற பையனிடம் தெரியாததை மட்டும் கேட்டு அவனைக் குனிய வைக்காதீர்கள். அவனுக்கு என்ன தெரியும் என்று முதலில் கேளுங்கள். வேறொன்றும் தெரியாவிட்டாலும், விசில் அடிக்கத் தெரியாத பையன் உண்டா?

மலைக்கு 365 படி. ஒரே மூச்சில் யாரும் ஏறுவதில்லை. முதல் வருஷம் பத்து ஒப்பந்தம் எழுதினோம் என்றால் அடுத்த கூடலில் அந்தப் பத்துப் பேரையும் இந்த மேடையில் உட்கார வைத்து, நாம் கீழே உட்கார்ந்து கேட்கலாம்.