கணக்குக் கேளாத ஊர்

(சிற்றூர்ப் பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



குழாயில் நீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சாய்க்கடை தூர்ந்து கிடக்கின்றது, இடுகாட்டிற்கு வழியில்லை. இக்குறைகளைத் தேநீர்க்கடைத் திண்ணையில் ஆண்டு முழுமையும் பேசுகின்றோம். பேசவேண்டிய இடத்தில் மட்டும் வாய் திறப்பதில்லை. அவ்விடம் எது? 'கிராம சபை' என்று அரசு அழைக்கின்ற நம் ஊரவை!

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிச் சட்டப்படி, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அவ்வவையின் உறுப்பினரே. ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்திற்கு ஒப்புதல் தருவதும், தணிக்கை அறிக்கையை ஆய்வதும் அதன் கடமை. சனவரி 26, மே 1, ஆகசுட்டு 15, அக்தோபர் 2 ஆகிய நாள்களில் கூடிவந்த ஊரவைக்கு, 2022-இல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய இரு நாள்களும் சேர்க்கப்பெற்றன. நாள் இருக்கின்றது, சட்டம் இருக்கின்றது, நாம்தாம் அங்கு இல்லை!

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசாத மேடையில்லை. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்றது அது. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்துக் குடவோலையிட்டு, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு ஆள் தேர்ந்தனர். அதில் நாம் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய விதி ஒன்றுண்டு. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர்!

ஆனால், உண்மையை மறைத்தல் ஆகாது. அவ்வவை நிலமும் மறைக்கல்வியும் உடைய பார்ப்பனர்க்கே உரியதாயிருந்தது. உழைத்தவனுக்கு அங்கு இடமில்லை, பெண்ணுக்கும் இல்லை. அன்று கதவு அடைத்திருந்தது. நாம் வெளியே நின்றோம். இன்று கதவு திறந்திருக்கின்றது. ஊராட்சியிடங்களில் பாதி மகளிர்க்கென 2016-இல் சட்டமும் வந்தது. இன்றும் நாம் வெளியே நிற்பது யார் குற்றம்?

ஊரவை செல்லுபடியாக வேண்டுமாயின், 501 முதல் 3,000 பேர் வரை வாழும் ஊரில் நூறு பேரேனும் கூடவேண்டும். நூறு பேர் வாராத ஊரில் வெறுந்தாள் வீடு தேடி வரும், படியாமலே கையொப்பமிடுவோம். அக்கையொப்பம் நம் வாயை நாமே அடைத்துக்கொள்ளும் பூட்டு!

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு இறுதி தொட்டு மூன்றாண்டுகட்கு மேலாகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற தலைவரின்றி நம் ஊராட்சிகள் கிடந்தன. 2019-இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களிலும் 2025 சனவரி 5-உடன் பொறுப்புக் காலம் முடிந்து, மீண்டும் தனி அலுவலர் கைக்கே ஆட்சி சென்றது. தலைவர் இல்லாத காலத்தும் ஊரவை உண்டு, வாக்காளர் உளர். எனவே, கேட்கும் உரிமையும் உண்டு!

ஆகலின் தோழர்களே, அடுத்த ஊரவைக்குக் குடும்பத்தோடு வாருங்கள். வீட்டுவரி எவ்வளவு தண்டப்பெற்றது? விளக்குக்கும் நீருக்கும் எவ்வளவு செலவாயிற்று? எழுந்து நின்று, நல்ல தமிழில், அமைதியாகக் கேளுங்கள். கேட்டதையும் விடையையும் முடிவேட்டில் எழுதச் செய்து, படித்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

கணக்குக் கேளாத ஊர் தன்னைத் தானே ஆளாது; பிறரால் ஆளப்படும்.