மறைக்க வேண்டாத நோய்



உடம்புக்கு நோய் வந்தால் ஊராரிடம் சொல்லுகிறோம். மனத்துக்கு நோய் வந்தால் வீட்டாரிடமும் மறைக்கிறோம். இந்த வேறுபாடு தகுமா என்பதை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

மனத்துக்கு நேரும் சுமை வேறு. மனத்துக்கு நேரும் நோய் வேறு. முதலில் சுமையைப் பற்றிச் சொல்லுகிறேன். தேர்வு மண்டபத்தில் வினாத்தாளை வாங்கும்போது உங்களுள் பலருக்கு நெஞ்சு படபடக்கும், நா உலரும், உள்ளங்கை வியர்க்கும். இது நோயன்று. வால்ட்டர் கானன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதன் காரணத்தை விளக்கினார். ஆபத்தைக் கண்ட உயிர் எதிர்த்து நிற்க வேண்டும். அல்லது ஓடித் தப்ப வேண்டும். இரண்டுக்கும் வலிமை தேவை. ஆகவே சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் தம் சுரப்பை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது, செரிமானம் தளர்கிறது. புலியைக் கண்டால் உதவும் இந்த ஏற்பாடே வினாத்தாளைக் கண்டபோதும் எழுகிறது.

உள்ளத்தின் உணர்ச்சி உடம்பில் புலப்படுவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். அவர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் உவகையும் பெருமிதமும் உண்டு. அழுகையும் அச்சமும் உண்டு. பெருமிதத்துக்கு அளித்த இடத்தை அவர் அச்சத்துக்கும் அளித்தார். ஆகவே, அஞ்சியதற்காக எவரும் தம்மை இழிவாக எண்ண வேண்டுவதில்லை.

ஆனால், சில நாழிகை உதவுவதற்காக அமைந்த இந்த ஏற்பாடு வாரக்கணக்கில் நீடித்தால் தீங்கு விளையும். ஹான்ஸ் செல்யே என்ற அறிஞர் எலிகளைக் கடுங்குளிர், ஓயாத உழைப்பு போன்ற பலவகைத் துன்பங்களுக்கு உள்ளாக்கிப் பார்த்தார். துன்பம் எதுவாயினும் உடம்பில் விளைந்த கேடு ஒரே வகையாக இருந்தது: அட்ரினல் சுரப்பிகள் பெருத்தன, இரைப்பையில் புண் தோன்றியது. முதலில் உடம்பு விழித்தெழுகிறது. பிறகு தாங்கி நிற்கிறது. இறுதியில் சோர்ந்து விழுகிறது. இந்த ஆராய்ச்சியை அவர் 1936-இல் வெளியிட்டார்.

கிணற்றில் கவலை இறைத்த காலத்தில், நம் உழவர் மாட்டை உரிய நேரத்தில் அவிழ்த்து நிழலில் கட்டினார்கள். மாட்டின் மீது இரக்கம் என்பது மட்டும் காரணமன்று. மறுநாளும் அது இறைக்க வேண்டும். அந்த முறையை நாம் நமக்கும் கையாள வேண்டும். உங்கள் பருவத்தினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. பகலில் படித்தது மூளையில் பதிவதற்கும் உறக்கமே துணை. ஆகையால் இரவெல்லாம் விழித்துப் படிப்பவர் கற்றதைத் தாமே இழக்கிறார். முழுப் பாடநூலையும் நினைத்து மலைப்பதைவிட, இன்றைக்கு ஒரு பாடம் என்று பகுத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஓடியாடுங்கள். மனத்தில் உள்ளதை நம்பத்தக்க ஒருவரிடம் நாள்தோறும் சிறிதேனும் பேசுங்கள்.

இவ்வளவு செய்தும் நீங்காத துயரம் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேலாக ஒருவருக்கு எதிலும் விருப்பமில்லை; உறக்கம் கெடுகிறது; உணவு செல்லவில்லை; எடுத்த வேலை ஓடவில்லை; தாம் எதற்கும் பயனற்றவர் என்ற எண்ணம் ஓயாது வருத்துகிறது. இது சோம்பலன்று, மனச்சோர்வு என்னும் நோய். அவ்வாறே, பிறர் காதில் விழாத குரல் ஒருவர் காதில் விழுவதும், காரணமின்றி எல்லாரையும் பகைவரென்று அஞ்சுவதும் மனச்சிதைவு நோயின் அறிகுறிகளாகலாம். பரம்பரை, மூளையின் இயக்கம், வாழ்வில் பட்ட துன்பம் ஆகியவை கூடி இந்நோய்களை விளைவிக்கின்றன. நோயாளியின் ஒழுக்கக் குறைவு இவற்றுக்குக் காரணமன்று.

பள்ளித் தலைமையாசிரியனாக நான் படித்த விடுப்புக் கடிதங்கள் ஆயிரக்கணக்கானவை. காய்ச்சல், வயிற்றுவலி, பாட்டியின் மறைவு என்று எழுதியிருப்பார்கள். மனம் நலமில்லை என்று எழுதிய கடிதம் ஒன்றையும் நான் கண்டதில்லை. அப்படிப்பட்ட பிள்ளை ஒருவர்கூடவா இல்லாமற் போனார்? இருந்தார்கள், காய்ச்சல் என்று எழுதினார்கள். காய்ச்சலுக்கு மருந்து தரலாம். சொல்லாத நோய்க்கு யார் மருந்து தருவது?

இந்த நாணம் நெடுங்காலத்தது. சென்னையில் மனநோயாளிகளுக்கான இல்லம் 1794-இலேயே தோன்றியது; அதன் வழிவந்ததே இன்றைய கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. எனினும் 1912-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நோயாளிகளைப் பித்தர் என்றே குறித்தது. 1952-இல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தை இந்நோய்க்குப் பயன்படுத்திய பிறகு, மருத்துவமனைகளில் பல்லாண்டு அடைபட்டிருந்தோர் பலர் வீடு திரும்பும் நிலை பிறந்தது. 1961 முதல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்று நடத்திய டாக்டர் சாரதா மேனன், மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்காக 1984-இல் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தையும் சென்னையில் தோற்றுவித்தார்.

மருந்து வந்தது; மருத்துவரும் வந்தனர்; மறைக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. அங்கிருந்த மனநோயாளிகள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர்; ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகத் தடை செய்துள்ளது. கைகளின் சங்கிலியைச் சட்டம் தடுக்கும். ஆனால் 'பைத்தியம்' என்று நாம் விளையாட்டாய் வீசும் சொல்லும் ஒருவரது வாயைக் கட்டிவிடுகிறது. அச்சொல்லுக்கு அஞ்சியே பலர் மருத்துவரை நாடாதிருக்கின்றனர். அதை விலக்குவது உங்கள் பொறுப்பு.

உங்கள் வகுப்பில் கலகலப்பாக இருந்த ஒருவர் சில வாரங்களாக ஒதுங்கியே இருந்தால், அருகே சென்று அமருங்கள். அறிவுரை கூற விரையாதீர்கள்; அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். வாழ விருப்பமில்லை என்ற சொல் அவர் வாயில் வந்தால், அதை இரகசியமாகக் காக்க வேண்டா. அவரைத் தனியே விடாமல், ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ அன்றே சொல்லுங்கள். 14416 என்ற அரசு தொலைபேசி எண் 2022 முதல் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்கு வேண்டாதிருக்கலாம். பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு வேண்டியிருக்கலாம்.