செல்வத்தைக் காக்கும் பூதம்



ஐரோப்பியரின் மாந்திரிக நூல்களிலே மம்மோன் என்றொரு பேய் பேசப்படுகின்றது. பொன்னுக்கும் பொருளுக்கும் அவனே அதிபதி. ஆயினும் அவன் வரலாற்றை ஆராயப் புகின், ஆதியில் அவன் பேயே அல்லன் என்பது விளங்கும். மம்மோன் என்பது செல்வத்தைக் குறிக்கும் அரமேயச் சொல். கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருங்கே ஊழியஞ் செய்ய இயலாது என்று இயேசுநாதர் மொழிந்தபோது, செல்வத்தை ஓர் எசமானனாக நிறுத்திக் காட்டினார். தமிழ் வேதாகமம் அச்சொல்லை ‘உலகப்பொருள்’ என்று பெயர்த்தது. ஐரோப்பியரோ அதற்குக் கையும் காலும் கொடுத்தனர். 1589ஆம் ஆண்டில் பீற்றர் பின்ஸ்பெல்ட் என்னும் செர்மானியத் துணை ஆயர், ஏழு பாவங்களுக்கும் ஏழு பேய்களை வகுத்தபோது, பேராசையை மம்மோனிடம் ஒப்படைத்தார். 1667இல் வெளிவந்த மில்டனின் காவியத்திலே, நரகத்து மலையைப் பிளந்து பொன்னை அகழ்விப்பவன் அவனே.

நம் மரபில் செல்வத்தின் தலைவன் பேயல்லன். குபேரன் என்னும் தெய்வம். இராமாயணக் கதைப்படி, இராவணனுக்கு முன் இலங்கையை ஆண்டவன் அவன். எனினும் செல்வம் மண்ணுள் மறைந்துவிட்டால், அதனைப் பூதம் காக்கும் என்று நம்மவர் அஞ்சுவர். சிங்கள மக்களும் புதையலைக் காக்கும் அத்தகைய பூதமொன்றைப் பகிரவா என்பர்.

தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்குப் புகையிரதத்திற் செல்வோர், இடையே வட்டகொடையைக் கடக்கும்போது சூழ நிற்கும் தேயிலை மலைகளைக் கண்டிருப்பர். அம்மலைகளுக்கும் ஒரு புதையற் கதை உண்டு. தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்குமென்று ஆசை காட்டியே, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களை அழைத்து வந்தனர் என்று மலையக மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். பொன்னன்று, மணியன்று, தேங்காயும் மாசியும்! இதனைப் பேராசை என்பார் உளரோ? பசித்தவர் கண்ட கனவன்றோ அது!

வந்தவர்க்குக் கிடைத்ததோ கடன். வழிச்செலவும் முன்பணமும் அவர் பேரிலேயே பற்றெழுதப்பட்டன. ‘துண்டு’ என்னும் சீட்டிலே கடன்தொகை குறிக்கப்பட்டது. அதனைத் தீர்க்க மற்றொரு தோட்டம் முன்வந்தாலன்றி, தொழிலாளி இருந்த தோட்டத்தை விட்டு நீங்குதல் அரிது. கதையிலே பூதம் புதையலைக் காத்தது. இங்கே கடன் மனிதனைக் காவல் காத்தது. இப்பூதத்தை ஓட்டியது மந்திரமன்று, சட்டம். 1921ஆம் ஆண்டில் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

தூரின் அடியிலே புதையல் இருக்கவில்லை. துளிரிலே இருந்தது. அதனைக் கொய்த கைகளுக்கு உரிய பங்கு எளிதில் வந்துவிடவில்லை. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்படுவதற்கே பல்லாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது.

செல்வம் தன்னளவிற் பேயுமன்று, தெய்வமுமன்று. உழைத்தவனுக்கு உரியதை மறுத்து அதனைப் பூட்டி வைக்கும்போதே அது பூதமாகின்றது. அப்பூதத்தை மண்ணுக்குள் தேட வேண்டுவதில்லை. கணக்கேட்டைப் புரட்டினாற் போதும்.