மலைவாசி முதியோரும் கிராம சபையும்



சேர்வராயன் மலைக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள், காப்பித் தோட்டத்தைப் பார்க்கிறார்கள், குளிர்ச்சியைப் புகழ்ந்துவிட்டு இறங்கிப் போகிறார்கள். இம்மலையின் பழங்குடிகளாகிய மலையாளிகளைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. மலையாளி என்றவுடன் கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆளுகிறவர்கள் என்பதால் வந்த பெயர் என்பார்கள். பெயர் ஆளுகிறவர்! ஆனால் மலையைப் பற்றிய தீர்மானங்களில் இவர்களுடைய கிழவன் கிழவியைக் கூப்பிட்டுக் கேட்கிறவர் யார்?

1820க்குப் பிறகு கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இங்கே காப்பி வந்தது. காப்பியோடு பத்திரமும் வந்தது. பத்திரம் வைத்திருந்தவன் சொந்தக்காரனானான். தலைமுறை தலைமுறையாய் உழுதவன் கையில் காகிதமில்லாததால் ஆக்கிரமிப்புக்காரனானான். இந்த அநியாயத்தை ஒப்புக்கொண்டுதான் 2006ல் வன உரிமைச் சட்டம் செய்யப்பட்டது. அதன் 2008ஆம் வருஷத்து விதிகளில் ஒரு சங்கதி இருக்கிறது. மனுச் செய்தவரல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஒரு சாட்சியம். அது ஒன்றே போதாது, வேறொன்றும் துணைக்கு வேண்டும் என்பது வாஸ்தவம். ஆனாலும் எழுத்தறியாத ஒரு கிழவியின் வாய்ச்சொல்லை சர்க்கார் காகிதத்தோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்களே, அது சாமானியமா? அந்தக் கிழவி இறந்துபோனால் அந்தச் சாட்சியமும் அவளோடு புதைக்கப்பட்டுப் போகும்.

"பழமையை எதிர்க்கிற நீங்களா கிழவர்களுக்குப் பரிந்து பேசுகிறீர்கள்?" என்று ஒரு அன்பர் கேட்கக்கூடும். நரைத்த தலைக்கு நமஸ்காரம் பண்ணச் சொல்லவில்லை. அப்பன் ஊர்க்கவுண்டன் என்பதற்காக மகனும் தீர்ப்புச் சொல்லுவதையோ, சாமியாடுகிறவனைக் கேட்டு வழக்கை முடிப்பதையோ நாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம். கண்ணால் கண்டவரைக் கேள் என்பதே நம் கட்சி. எந்த ஊற்று எந்தக் கோடையில் வற்றியது, எந்த மேட்டை யார் உழுதார்கள் என்பது விறகு பொறுக்கித் தண்ணீர் சுமந்த கிழவிக்குத் தெரியும். விதியில் "பெரியவர்கள்" என்றிருக்கிறதே தவிர ஆண்கள் என்றில்லை. இச்சட்டப்படி கூடும் கிராம சபையில் பாதிப்பேர் வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும் என்று 2012ல் திருத்தமும் செய்தார்கள்.

சட்டம் இருந்து என்ன? ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களைப் பஞ்சாயத்துக் கிராம சபைக்குக் குறித்திருக்கிறது. ஒரு பஞ்சாயத்துக்குப் பல குக்கிராமங்கள். எழுபது வயதுக் கிழவி மேடும் பள்ளமும் ஏறியிறங்கி வந்து சேர்ந்தால், முதலில் நீட்டப்படுவது கைநாட்டு நோட்டு, விஷயம் அப்புறம்! 1996ஆம் வருஷத்துப் பழங்குடிப் பஞ்சாயத்துச் சட்டமாவது உதவுமா என்றால், அது ஐந்தாவது அட்டவணைப் பிரதேசங்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பிரதேசமே அறிவிக்கப்படவில்லை. ஏற்காடு சட்டசபைத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, சந்தோஷம். ஒரு மெம்பர் கோட்டைக்குப் போனதனால் கிழவி பேசியதாகிவிடுமா?

ஆகவே இங்கு வந்திருக்கும் வாலிபத் தோழர்கள் அடுத்த கிராம சபைக்கு முன் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் போய், முதியவர்களை, பெண்களைத் தனியாகவும், உட்கார வைத்துக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி, அவர்களுக்கே படித்துக் காட்டி, பிறகு கைநாட்டு வாங்கிச் சபையில் கொடுக்கவேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறேன். நடக்க மாட்டாதவர்களுக்கு வண்டி வைப்பது பஞ்சாயத்தின் பொறுப்பு என்று அங்கேயே ஒரு தீர்மானமும் கொண்டு வாருங்கள்.